உளுந்தூர்பேட்டையிலிருந்து பல்கலைக்கழகம் எத்தனை கிலோமீட்டர்?

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் மூன்று பட்டச் சான்றிதழ்கள் இருக்கின்றன. மாமாவுடையதில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று அச்சாகியிருக்கிறது. என்னுடையதில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். சித்தி மகள் அண்மையில் வாங்கி வந்ததில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மூன்று பேரும் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் ஒரே சேரியில், ஒரே தெருவில் பிறந்தவர்கள். நாங்கள் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. பல்கலைக்கழகம்தான் எங்களைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருந்தது. ஒருமுறைகூட அது எங்கள் பக்கம் வரவில்லை.

பழைய தென்னார்க்காட்டின் கல்லூரிகள் நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தன. உளுந்தூர்பேட்டையிலிருந்து சென்னை சுமார் 200 கிலோமீட்டர். 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது விழுப்புரமும் கடலூரும் அதன் எல்லைக்குள் போயின. கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் அல்ல, விழுப்புரத்தின் மேற்குக் கோடி. வேலூரும் எங்களுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். வளாகமோ வேலூரையும் தாண்டி சேர்க்காட்டில். சென்னைக்காவது நேர் பஸ் உண்டு. வேலூருக்கு விழுப்புரத்தில் இறங்கி, திருவண்ணாமலை வழியாக ஏறி இறங்கி, போய்ச் சேரும்போது அலுவலகத்தில் மதிய உணவு நேரம் ஆகியிருக்கும்.

2021 பிப்ரவரியில் ஒரு சிறு வெளிச்சம் தெரிந்தது. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் வந்தது. விழுப்புரம் எங்களுக்கு 40 கிலோமீட்டருக்குள். பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31 அன்று, கலைவாணர் அரங்கத்தில் நடந்த சட்டமன்றக் கூட்டத்தில், அந்தப் பல்கலைக்கழகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா நிறைவேறியது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரத்தின் கீழ் போயின. 40 கிலோமீட்டர் ஒரே நாளில் சுமார் 75 கிலோமீட்டர் ஆனது.

அன்று நடந்த சண்டையை நினைவுபடுத்திப் பாருங்கள். அம்மா பெயரை அழிக்கிறார்கள் என்று அதிமுக வெளிநடப்பு செய்து சாலையில் உட்கார்ந்தது. பெயரளவில் தொடங்கிய பல்கலைக்கழகம், நிதியும் இல்லை, கட்டடமும் இல்லை என்றது ஆளுந்தரப்பு. ஆளுந்தரப்பு சொன்னதில் உண்மை இருந்தது. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு அவசரமாகத் திறந்த பல்கலைக்கழகம்தான் அது. ஆனால் நிதி இல்லையென்றால் நிதி ஒதுக்கலாம். கட்டடம் இல்லையென்றால் கட்டலாம். திருக்கோவிலூரிலிருந்தோ சின்னசேலத்திலிருந்தோ ஒரு பெண் முதுகலை படிக்கவோ ஆய்வுக்குப் பதியவோ எத்தனை பஸ் மாற வேண்டும் என்ற கேள்வி மட்டும் இரு தரப்பின் வாதத்திலும் முன்னால் வரவில்லை. ஒரு தலைவரின் பெயர் இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதற்குள் எங்கள் தூரம் தொலைந்துபோனது.

"இப்போதுதான் எல்லா இடத்திலும் கல்லூரி வந்துவிட்டதே" என்று தோழர்களே சொல்கிறார்கள். வந்திருக்கிறது, மறுக்கவில்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகள் கூடியிருக்கின்றன. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. உயர்கல்விக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கைப்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்திய சராசரி 28.4. இது சும்மா வந்ததல்ல. சத்துணவும் இடஒதுக்கீடும் அரசுக் கல்லூரிகளும் சேர்ந்து கொண்டுவந்தது. அதே அறிக்கையில் பட்டியல் சாதியினருக்கான அகில இந்திய விகிதம் 25.9, பழங்குடியினருக்கு 21.2. சேர்ந்தவர் எத்தனை பேர் என்று அந்த எண் சொல்லும். அவர் எத்தனை மணிக்கு எழுந்து, எத்தனை பஸ் மாறி, எந்த வகுப்பை விட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார் என்பதைச் சொல்லாது.

கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு. நம் பக்கத்துக் கல்லூரி பெரும்பாலும் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம் வரைக்கும்தான். பல துறைகளில் எம்.ஏ. கிடையாது. எம்.ஏ. இருந்தால் ஆய்வுத்துறை அனுமதி இருக்காது. அனுமதி இருந்தால் கைடு இருக்க மாட்டார். கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே துறை ஓடிக்கொண்டிருக்கும். ஆக, பட்டம் வரை அரசு நம்மைக் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் எத்தனையோ வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டிருக்கிறது. என் சித்தி வீடும் அதில் ஒன்று. அந்த ஆயிரம் இளநிலைப் படிப்போடு நின்றுவிடுகிறது. தூரம் தொடங்குவது அங்கேதான்.

உளுந்தூர்பேட்டையைக் கடந்து போகாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் சேலம் சாலையும் பிரியும் இடம். ராத்திரி முழுக்க ஆம்னி பஸ்களின் விளக்கு வெளிச்சம் எங்கள் தெருச் சுவரில் ஓடும். சுங்கச்சாவடியில் நிற்கும் வண்டி ஊருக்குள் நிற்காது. நெடுஞ்சாலை ஓரத்தில் பிறந்தவர்களுக்குப் போக்குவரத்துக்கு என்ன குறை என்று கேட்பார்கள். சாலை இருப்பது வேறு, அந்தச் சாலையில் நமக்கான பஸ் இருப்பது வேறு. எங்கள் சேரியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கே ஒன்றரை கிலோமீட்டர் நடை, அதுவும் ஊர்த்தெரு வழியாக. தென்னார்க்காட்டில் பெரும்பாலான சேரிகள் இப்படித்தான்: ஊர் சாலையோரத்தில், சேரி உள்ளே தள்ளி. பல்கலைக்கழகத்தின் தூரத்தை பஸ் ஸ்டாண்டிலிருந்து அளப்பவர் ஊர்க்காரராகத்தான் இருக்க முடியும்.

மகளிர் விடியல் பயணம் சாதாரண நகரப் பஸ்ஸில்தான். விருத்தாசலம் போய் அங்கிருந்து சிதம்பரம் போகும் புறநகர்ப் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் ஆகவேண்டும். போகவர டிக்கெட்டும் ஒரு டீயும் சேர்த்தால் நூறு ரூபாய்க் கணக்கு. இந்தப் பக்கம் ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைப் பாருங்கள். வீட்டிலிருந்து போய்வந்து பி.ஏ.வோ எம்.ஏ.வோ படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்குப் பராமரிப்புப் படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதம் 250. கல்லூரி நடக்கும் நாளுக்குப் பிரித்தால் பத்துப் பதினோரு ரூபாய். விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 6,000. இந்தத் தொகையை நிர்ணயித்தவர் தன் பிள்ளையை எந்த பஸ்ஸிலும் ஏற்றிவிட்டிருக்க மாட்டார்.

சரி, போய்வர முடியாவிட்டால் அங்கேயே தங்கிப் படிக்கலாமே? முதுகலைக்கு ஒரு நகரத்தில் அறை தேடினேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, எந்த நகரமாக இருந்தாலும் கேள்விகள் ஒன்றுதான். முதல் கேள்வி, எந்த ஊர். உளுந்தூர்பேட்டைப் பக்கம் என்றால், பக்கம் என்றால் எந்த ஊர். ஊர்ப் பெயரைச் சொன்னால், அங்கே எந்தத் தெரு. தெருப் பெயர் சொன்னதும் வீட்டுக்காரம்மாவுக்குத் திடீரென்று ஞாபகம் வரும், தங்கச்சி மகள் அடுத்த வாரம் வந்து தங்கப்போகிறாள் என்று. மூன்று வீடுகளில் மூன்று தங்கச்சி மகள்கள். நான்காவது வீட்டில் கறி சமைப்பீர்களா என்ற ஒரே கேள்வியில் முடித்துக்கொண்டார்கள், நேரம் மிச்சம். என்னோடு படித்த, ஊர்த்தெருவிலிருந்து வந்த பெண்ணுக்கு அதே நகரத்தில் அத்தை வீடு இருந்தது, பெரியப்பாவின் கடை இருந்தது. அவளுக்கும் எனக்கும் வரைபடத்தில் ஒரே தூரம்.

கிலோமீட்டர் எல்லோருக்கும் பொது என்பது பொய் என்று நான் சொல்வது இதனால்தான். நகரத்தில் சொந்தக்காரர் வீடு இருப்பவருக்கு 75 கிலோமீட்டர் என்பது ஒரு பஸ் பயணம். கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளைக்கு அது ஒரு நாள் கூலி. மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயரில் ஓர் எழுத்து தவறிவிட்டால் திருத்த ஒரு நடை, 'சார் இன்னைக்கு லீவு' என்றால் இன்னொரு நடை, சலான் கட்ட, கையெழுத்து வாங்க மற்றொன்று. துணைக்கு அப்பாவும் வந்தால் இரண்டு பேர் கூலி. பட்டம் முடித்தும் புரொவிஷனல் சான்றிதழை வாங்காமலே விட்டவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். சோம்பல் என்று ஊரில் சொல்வார்கள்.

எல்லாம்தான் ஆன்லைனில் வந்துவிட்டதே என்பது அடுத்த பதில். விண்ணப்பம் வந்துவிட்டது, உண்மை. ஆய்வேடுகள் சோத்கங்காவில் கிடைக்கின்றன, அதுவும் உண்மை. நான் பஞ்சமி நிலம் பற்றி ஆய்வு செய்கிறேன். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் எங்கள் பக்கத்தில் எப்படிக் கைமாறிப்போனது என்பது என் கேள்வி. அந்த நிலம் எங்கள் சேரியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அதன் பழைய ஆவணங்களைத் தேட எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போகவேண்டும். என் பாட்டி உழுத நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் 200 கிலோமீட்டர் போகிறேன். நிலத்தை எடுத்துக்கொண்டவரின் பேரன் அந்தத் தூரத்தைப் போகவேண்டியதில்லை; அவர் கையில் பட்டா இருக்கிறது.

தூரத்துக்கு ஒரு மாற்று ஏற்கெனவே நமக்குத் தரப்பட்டது. அதன் பெயரிலேயே தூரம் இருந்தது: தொலைதூரக் கல்வி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி இயக்ககம் 1979 முதல் இயங்குகிறது. எங்கள் மாவட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கிய ஆசிரியர்கள், காவலர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் வாசல். பகலில் வயல், ராத்திரியில் தபாலில் வந்த புத்தகம். 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பு விட்டது: அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம், அதன் பிறகு நடத்தியவை செல்லாது என்று. மானியக் குழுவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான வழக்கில் யார் பக்கம் சட்டம் என்பதற்குள் நான் போகவில்லை. வளாகத்தில் உட்கார்ந்து படித்தவரின் பட்டத்துக்கு அந்த அறிவிப்பால் ஒன்றும் ஆகவில்லை. தூரத்திலிருந்து படித்தவர்தான் பதவி உயர்வுக் கோப்போடு அலைந்தார்.

சிதம்பரம் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நந்தனார் நினைவுக்கு வருவார். ஆதனூர்ச் சேரியிலிருந்து தில்லைக்குப் போக ஆசைப்பட்டு, போக முடியாமல், நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். சைவம் அவருக்குச் சூட்டிய பெயரே திருநாளைப்போவார். போக முடியாமல் வைத்த சாதியைப் பற்றிப் பேசாமல், போகாமல் இருந்ததையே பட்டமாகக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் தீக்குள் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது என்பது கதை. அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது 1929இல். பதின்மூன்று ஆண்டு முன்பே ஒரு தலித் துறவி அங்கே நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தங்கிப் படிக்க விடுதியும் நடத்தத் தொடங்கிவிட்டார். தூரத்துக்கு மருந்து விடுதிதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கோவிலுக்குள் போக வழி கேட்ட நந்தனாரின் பெயரில் அவர் தங்க இடம் கட்டினார்.

அண்ணல் அம்பேத்கரும் இதைத்தான் செய்தார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. அடுத்ததை அவர் பம்பாயிலேயே கட்டவில்லை, பூனாவுக்கும் போகவில்லை. 1950இல் ஔரங்காபாத்துக்குப் போனார். அன்று அது ஐதராபாத் மாநிலத்தின் பின்தங்கிய மூலை, உயர்கல்வி எட்டாத மராத்வாடா. அங்கே எழுந்ததுதான் மிலிந்த் மகாவித்யாலயா, விடுதிகளோடு. மராத்வாடா கிராமங்களிலிருந்து வந்த தலித் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள், எழுதினார்கள், போராடினார்கள். 1958இல் அந்த நகரத்தில் மராத்வாடா பல்கலைக்கழகம் வந்தது. அதற்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978 ஜூலையில் சட்டமன்றம் தீர்மானித்தபோது சாதி இந்துக்கள் தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். பதினாறு ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு 1994 ஜனவரி 14 அன்று பெயர் மாறியது. பெயருக்காக நம் மக்கள் உயிர் கொடுத்த வரலாறு அது. அங்கே பெயருக்குப் பின்னால் கல்லூரி இருந்தது, விடுதி இருந்தது, அதில் படித்து வந்த ஒரு தலைமுறை இருந்தது. விழுப்புரத்தில் பெயர்ப்பலகைக்கு நடந்த சண்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது சமவெளிக் கதை. எங்கள் மாவட்டத்திலேயே எங்களைவிடத் தொலைவில் இருப்பவர்கள் உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, சேராப்பட்டு, கரியாலூர் பக்கமிருந்து சிதம்பரம் போக மலை இறங்கிக் கள்ளக்குறிச்சி, பிறகு விருத்தாசலம், பிறகு சிதம்பரம். சுமார் 150 கிலோமீட்டர், மூன்று பஸ். மலையிலேயே பல குக்கிராமங்களுக்கு பஸ் போகாது. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. மக்களுக்கு வாக்குரிமையே 1996இல்தான் வந்தது என்று உயர் நீதிமன்ற வழக்கில் சொல்லப்பட்டது. அந்த வழக்கு எப்படி வந்தது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிறகுதான் கல்வராயன் மலை மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. மலையைப் பற்றி அரசுக்கும் பத்திரிகைக்கும் தெரிந்தது சாராய ஊறல் மட்டும்தான். அங்கே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, அவற்றிலிருந்து பிளஸ் டூ முடித்துப் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். வெளியே வந்து எங்கே தங்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

தூரம் ஆவணத்திலும் வேலை செய்யும் என்பதற்கு மலையாளிப் பழங்குடிகளே சாட்சி. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் பழைய மாவட்டங்களோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது: தர்மபுரி, வடார்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி பழங்குடி இல்லை. எந்த மலையில் பிறந்தாய் என்பதை வைத்து இடஒதுக்கீடு.

2011 கணக்கெடுப்பில் ஒன்றுபட்ட விழுப்புரம் மாவட்ட மக்களில் 29 சதவீதத்துக்கும் மேல் பட்டியல் சாதியினர். மாநில சராசரி 20. அந்த மாவட்டத்தைப் பிரித்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி வந்தது. ஆட்சியர் வந்தார், எஸ்.பி. வந்தார். அரசுப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மட்டும் இங்கே கிடையாது.

உளுந்தூர்பேட்டையில் ஒரு பல்கலைக்கழகம் கட்டுங்கள் என்று கேட்கவா இதை எழுதுகிறேன்? இல்லை. மாவட்டத்துக்கு ஒரு பெயர்ப்பலகை, துணைவேந்தருக்கு ஒரு கார் என்று முடிந்துபோகும் அது. விழுப்புரத்தில் இருக்கும் முதுநிலை விரிவாக்க மையத்தை எல்லாத் துறைகளும் ஆய்வு வழிகாட்டிகளும் உள்ள முழு வளாகமாக ஆக்குங்கள். சான்றிதழ், திருத்தம், பதிவு எதுவாக இருந்தாலும் கள்ளக்குறிச்சியிலேயே முடித்துத்தர ஓர் அலுவலகம் வையுங்கள். புதுமைப் பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் முதுகலைக்கும் தொடரட்டும். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக, வகுப்பு நேரத்துக்கு ஏற்ப, மலையிலிருந்தும் சேரிகளிலிருந்தும் பஸ் விடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் விடுதி.

2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். விடுதிப் பெயரில் சாதி போனது நல்லது, வரவேற்கிறேன். சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா விடுதிக்குப் பத்து மாடியில் புதுக் கட்டடம் வந்தது, அதையும்தான். ஆனால் கல்லூரி விடுதி மாணவர் ஒருவரின் மாத உணவுப்படி 2023இல் உயர்த்திய பிறகும் 1,500 ரூபாய். ஒரு நாளுக்கு ஐம்பது ரூபாய், மூன்று வேளைக்கு. எங்கள் பக்கத்தில் ஆய்வு மாணவர்களும் முதுகலைப் பெண்களும் தங்க அரசு விடுதி தேடி அலைகிறார்கள். ஜூனில் சேர்க்கை தொடங்கும், ஜூலையில் வகுப்பு தொடங்கும், விடுதி அனுமதிப் பட்டியல் அதற்குப் பிறகுதான் ஒட்டப்படும். அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் எங்கள் தெருவுக்கு ஆட்கள் வருகிறார்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பெண்பிள்ளைகள் வேண்டும் என்று. அவர்கள் வேன் கொண்டுவருகிறார்கள். வேன் சேரிக்குள்ளேயே வந்து நிற்கிறது.